புண்ணில் புழு வைப்பது ஏன்?
(தருமபுரி மாவட்ட உழவர் பெருமக்களுக்கான உரை)



தக்காளிக்குக் காய்ப்புழு, மாவுக்குத் தத்துப்பூச்சி, நிலக்கடலைக்குச் சிவப்புக் கம்பளிப்புழு என்று பயிரைத் தாக்கும் பூச்சிகளைப் பற்றி இப்பக்கங்களில் அடிக்கடி படித்து வருகிறீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பயிரைத் தாக்கும் பூச்சி அன்று. உயிருள்ள உடலின் தசையைத் தின்று வளரும் ஒரு ஈயின் புழு. மாட்டுப் புண்ணில் புழு வைப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே புழு சில வேளைகளில் மனிதர் உடலிலும் வைக்கிறது. இதனை மருத்துவ நூல்கள் 'மையாசிஸ்' என்று கூறுகின்றன. 'மையா' என்றால் கிரேக்க மொழியில் ஈ என்று பொருள்.

மனிதருக்கு இது அரிதாகவே வருகிறது. அப்படியிருக்க இதை ஏன் உழவர்களிடம் பேச வேண்டும் என்று கேட்கலாம். இந்த ஈ பெருமளவில் வளர்வது நம் கால்நடைகளின் புண்களில்தான். ஆகவே மாட்டுப் புண்ணைக் கவனிக்கும் வீடு, தன் வீட்டுப் பெரியவரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. இந்த உரையில் நான் சொல்ல வந்தது இதுதான்.

எந்த ஈ இதைச் செய்கிறது?

வீட்டில் சோற்றின் மேல் உட்காரும் சாதாரண ஈ இதைச் செய்வதில்லை. நம் நாட்டில் இதற்கு முதற்காரணமான ஈயின் பெயர் 'கிரைசோமையா பெசியானா'. வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது. உடல் நீலமும் பச்சையும் கலந்து உலோகம் போல மின்னும். கண்கள் சிவந்திருக்கும்.

பச்சை நிறத்தில் மின்னும் வேறு ஈக்களும் உண்டு. அவை செத்த எலியிலும் அழுகிய மீனிலும் முட்டையிடும். அழுகிய புண்ணிலும் வந்து சேரும். ஆனால் பெசியானா ஈயின் புழு செத்த பிணத்தில் வளராது. சாணக் குழியில் வளராது. குப்பை மேட்டிலும் வளராது. உயிருள்ள உடலின் தசை ஒன்றே அதற்கு உணவு. இதை நாம் நன்றாக மனத்தில் கொள்ள வேண்டும். சாணக் குழியில் மருந்து தெளித்தால் மற்ற ஈக்கள் குறையும். இந்த ஈ குறையாது. இதன் விளைநிலம் ஆறாமல் விடப்பட்ட புண்தான்.

இந்த உண்மையை வெளிக்கொணர்ந்ததில் நம் மாநிலத்திற்கும் பங்கு உண்டு. சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் பணியாற்றிய டபிள்யூ. எஸ். பாட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1913-ஆம் ஆண்டில் எப். டபிள்யூ. கிராக் என்பவருடன் சேர்ந்து மருத்துவப் பூச்சியியல் பற்றிய பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். பின்னர், நோயாளிகளிடமிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் எடுத்த புழுக்களை நாட்டின் பல பகுதிகளிலிருந்து பெற்று, அவற்றை ஈயாக வளர்த்துப் பார்த்தார். மாட்டுப் புண்ணிலும் மனிதர் மூக்கிலும் கிடைத்த புழு ஒரே ஈயினுடையது என்பதை 1920-ஆம் ஆண்டில் எழுதினார். இது நடந்து நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இருப்பினும் புழு தானாகவே சீழிலிருந்து தோன்றுகிறது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் முழுவதும் மறையவில்லை.

ஒரு நாளில் முட்டை, ஒரு வாரத்தில் கேடு

ஈயின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் அதை மடக்கலாம் என்பது விளங்கும்.

பெண் ஈ பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் புண்ணைத் தேடி வருகிறது. புண்ணின் நடுவில் இடாமல், காய்ந்த ஓரத்தில் வெண்மையான முட்டைகளை நெருக்கமாக ஒட்ட வைக்கிறது. ஒரு தடவையில் சுமார் 150 முதல் 200 முட்டைகள் இருக்கும். இதற்குப் பெரிய புண் வேண்டியதில்லை. உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், கன்றின் ஈரமான தொப்புள், இவையே போதும்.

முட்டை 12 முதல் 24 மணி நேரத்திற்குள் பொரிந்துவிடும். வெளிவரும் புழு தலையை உள்ளே புதைத்துக்கொண்டு தசையைத் தின்னத் தொடங்கும். வால் பகுதி மட்டும் மேலே தெரியும். அதன் மூச்சுத் துளைகள் அங்கேதான் உள்ளன. உடலைச் சுற்றிச் சிறு முட்கள் வரிசையாக இருப்பதால் திருகாணி போலத் தசையில் இறுகப் பிடித்துக்கொள்ளும். புழு தின்னத் தின்னப் புண்ணில் இரத்தநீர் கசியும். ஒருவித நாற்றம் வீசும். அந்த நாற்றம் மேலும் ஈக்களை வரவழைக்கும். இவ்வாறு ஒரு புண்ணில் நூற்றுக்கணக்கான புழுக்கள் சேர்ந்துவிடும்.

ஐந்து முதல் ஏழு நாட்களில் புழு முழு வளர்ச்சியடைந்து மண்ணில் விழுகிறது. மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகிறது. வெப்பமான நாட்களில் சுமார் ஒரு வாரத்தில் ஈயாகிப் பறக்கிறது. குளிர் காலத்தில் கூடுதலான நாட்கள் ஆகும். முட்டையிலிருந்து மறு முட்டை வரை ஏறத்தாழ மூன்று வாரங்கள்தான்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. முதலாவது, புண்ணை நாள்தோறும் பார்த்தால் முட்டையாக இருக்கும்போதே துடைத்தெடுத்துவிடலாம். இரண்டாவது, புண்ணிலிருந்து எடுத்த புழுவைத் தரையில் வீசினால், வளர்ந்த புழுக்கள் மண்ணில் புகுந்து ஈயாகித் திரும்ப வரும். பலர் செய்யும் தவறு இதுவே.

மனிதரில் யாரைத் தாக்குகிறது?

நல்ல உடல்நிலையில் உள்ளவர் தம்மேல் ஈ உட்கார்ந்தால் ஓட்டிவிடுவார். ஓட்ட முடியாதவரையும், உட்கார்ந்ததை உணராதவரையுமே இந்த ஈ பிடிக்கிறது. அவர்கள் யார் என்பதைப் பார்ப்போம்.

சர்க்கரை நோய் உள்ளவர்களில் பலருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிடும். கல்லோ முள்ளோ குத்தினாலும் வலி தெரியாது. கால்விரல் இடுக்கில் புண் வந்து புழு வைத்தாலும் அவருக்குத் தெரியாமல் போகும். தொழுநோயால் உணர்ச்சி இழந்த கை கால்களுக்கும் இதே நிலைமைதான்.

பக்கவாதத்தால் படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வருகிறது. புரட்டிப் பார்க்காவிட்டால் வீட்டாருக்கே தெரியாது. வாயைத் திறந்தபடி தூங்கும் முதியோர், மனவளர்ச்சி குன்றியோர் ஆகியோரின் ஈறுகளில் புழு வைப்பதுண்டு. குடித்துவிட்டு வெளியில் விழுந்து கிடப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு.

நாட்பட்ட பீனிசம் உள்ளவர்களின் மூக்கு முதன்மையான இடமாகும். மூக்கின் உட்புறம் வறண்டு பொருக்குத் தட்டி நாற்றம் வீசும். ஆனால் நோயாளிக்கு மோப்பம் போய்விடுவதால் அந்த நாற்றம் அவருக்குத் தெரிவதில்லை. மூக்கில் புழு வைத்தால் மூக்கிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிதல், முகம் வீங்குதல், கடுந்தலைவலி, உள்ளே ஏதோ ஊர்வது போன்ற உணர்ச்சி, தும்மும்போது புழு விழுதல் ஆகியவை காணப்படும். இது மிகவும் ஆபத்தானது. மூக்கிற்குப் பக்கத்திலேயே கண்ணும் மூளையும் இருக்கின்றன. ஒரு நாள் தாமதம்கூடக் கூடாது.

குழந்தைகளில் காதில் சீழ் வடிபவர்களுக்கும், பேன் தொல்லையால் தலையைச் சொறிந்து புண்ணாக்கிக்கொண்டவர்களுக்கும் புழு வைப்பதுண்டு. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆடு மேய்ப்பவர் கண்ணில் ஒரு புழு

நம் மாவட்டத்தில் செம்மறியாடு வளர்ப்போர் பலர். அவர்கள் வேறொரு ஈயையும் தெரிந்துகொள்ள வேண்டும். 'ஈஸ்ட்ரஸ் ஓவிஸ்' எனப்படும் ஆட்டு மூக்கு ஈ முட்டையிடுவதில்லை; பறந்தபடியே உயிருள்ள சிறு புழுக்களைச் செம்மறியாட்டின் மூக்கில் பீச்சிவிடும். ஆடுகள் மூக்கைத் தரையில் தேய்ப்பதும், ஒன்றன் வயிற்றடியில் ஒன்று தலையை நுழைத்து நிற்பதும், மூக்கு ஒழுகித் தும்முவதும் இந்த ஈயினால் இருக்கலாம்.

சில நேரங்களில் இந்த ஈ மனிதர் கண்ணில் புழுவைப் பீச்சிவிடுகிறது. கண்ணில் ஏதோ வந்து மோதியது போலிருக்கும். சில மணி நேரத்தில் கண் சிவந்து, மணல் விழுந்தது போல உறுத்தி, நீர் வடியும். புழு மிகச் சிறியதாகையால் வெறும் கண்ணுக்கு எளிதில் தென்படாது. மனிதர் கண்ணில் இது முழு வளர்ச்சியடைவதில்லை. இருந்தாலும் அதன் வாய்க்கொக்கி கண்ணைக் கீறும். கண்ணைக் கசக்கக் கூடாது. தாய்ப்பாலோ, இலைச் சாறோ விடக் கூடாது. கண் மருத்துவர் கருவியின் உதவியால் பார்த்து, ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார்.

மறைப்பதால் வரும் கேடு

நம் மொழியில் 'புழுத்துப் போவாய்' என்பது ஒரு கொடிய சாபம். அதனால்தான் வீட்டில் ஒருவருக்குப் புண்ணில் புழு வைத்துவிட்டால், அது ஏதோ பாவத்தின் பயன் என்று குடும்பத்தார் கூசுகிறார்கள். ஊருக்குத் தெரிந்தால் பெரியவரைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று பேசுவார்களே என்று அஞ்சுகிறார்கள். திண்ணையில் இருந்தவரை உள் அறைக்கு மாற்றிவிடுகிறார்கள். நோயாளியும் மருமகளிடம் சொல்ல வெட்கப்பட்டு, துணியைச் சுற்றி மறைத்துக்கொள்கிறார். இப்படியே மூன்று நாள், நான்கு நாள் போய்விடுகிறது. புழு முழு வளர்ச்சியடைய ஐந்து முதல் ஏழு நாட்களே போதும் என்பதை மேலே கண்டோம்.

பெருமக்களே, புண்ணில் புழு வைப்பது பாவமன்று. ஓர் ஈ முட்டையிட்டதன் விளைவு. நெல் வயலில் குருத்துப்பூச்சி முட்டையிட்டால் அதை வயலின் பாவம் என்று நாம் சொல்வதில்லை. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும் நோயும் அன்று. பக்கத்தில் உட்கார்ந்து துடைத்துக் கட்டுவதால் யாருக்கும் எதுவும் வராது. காலத்தில் மருத்துவமனைக்குச் சென்றால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

செய்யக் கூடாதவை

மனிதர் புண்ணிலும் சரி, மாட்டுப் புண்ணிலும் சரி, பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்தை ஊற்றவே கூடாது. குருணை மருந்தைத் தூவுவதும் கூடாது. புண்ணில் தோல் இல்லாததால் மருந்து நேராக இரத்தத்தில் கலக்கும். புழு சாவதற்கு முன் ஆள் சாக நேரிடும். பினாயில், மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, புகையிலைச் சாறு ஆகியவை நல்ல தசையையும் வேகவைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். மூக்கிலோ காதிலோ வீட்டில் எதையும் ஊற்றக் கூடாது. முள்ளாலோ குச்சியாலோ புழுவைக் குத்தி எடுக்க முயலக் கூடாது. புழு அறுந்து பாதி உள்ளே தங்கிவிடும்.

மனிதருக்குச் செய்ய வேண்டியவை

புண்ணைச் சுத்தமான துணியால் மூடி, உடனே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். மூக்கு, காது, கண், வாய் ஆகிய இடங்களானால் அந்தந்தத் துறை மருத்துவர் தேவைப்படுவார். தருமபுரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2008-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதிலிருந்து, இதற்காகச் சேலத்திற்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிய நிலை குறைந்துள்ளது. சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமத்தினர் 108 ஊர்தியை அழைக்கத் தயங்க வேண்டாம்.

புழுவின் மூச்சுத் துளைகளை அடைக்கும் எண்ணெய் மருந்தை மருத்துவர் அளவாக வைப்பார். மூச்சு முட்டிய புழு மேலே வரும்போது இடுக்கியால் எடுப்பார். எல்லாப் புழுக்களும் ஒரே நாளில் வராமல் போகலாம். இரண்டு மூன்று நாட்கள் தொடர்ந்து செல்ல வேண்டியிருக்கும். தேவைக்கேற்ப ஐவர்மெக்டின் மாத்திரை, கிருமிகளைக் கொல்லும் மருந்து, தனுர்வாதத் தடுப்பூசி ஆகியவற்றைத் தருவார். ஐவர்மெக்டின் மாட்டுக்கும் போடும் மருந்துதான் என்று எண்ணி, மாட்டு மருந்தை மனிதருக்குக் கொடுத்துவிடக் கூடாது. புழு போனதும் வேலை முடிந்தது என்று நின்றுவிடாமல், புண் ஏன் ஆறவில்லை என்று பார்க்க வேண்டும். சர்க்கரை அளவைச் சோதித்துக்கொள்வது இன்றியமையாதது.

சர்க்கரை நோய் உள்ளவர் இரவு படுக்கும் முன் இரு பாதங்களையும் கழுவித் துடைத்து, அடிப்பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம். வயலுக்கு வெறுங்காலுடன் செல்லக் கூடாது. படுக்கையில் உள்ளவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்து, பகலிலும் கொசுவலை கட்ட வேண்டும். செலவில்லாத பாதுகாப்பு இது.

கால்நடைகளுக்குச் செய்ய வேண்டியவை

இனி, ஈ வளரும் இடத்திற்கு வருவோம். ஏர் மாட்டின் கழுத்துப் புண், மூக்கணாங்கயிறு அறுத்த புண், கோமாரி நோயில் குளம்பிடுக்கில் வரும் புண், கொம்பு முறிந்த இடம், கன்றின் தொப்புள், கன்று ஈன்ற பசுவின் பிறப்புறுப்பு, நாய் கடித்த ஆட்டின் தொடை, இவையே புழு வைக்கும் இடங்கள். காட்டில் நெடுநாள் மேயும் ஆலம்பாடி மாடுகளைப் பட்டிக்குத் திரும்பியதும் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

புழு வைத்துவிட்டால் புண்ணைச் சுற்றியுள்ள முடியைக் கத்தரியுங்கள். பஞ்சை டர்பன்டைன் எண்ணெயில் நனைத்துப் புண்ணில் வைத்துச் சிறிது நேரம் விடுங்கள். மேலே வரும் புழுக்களை இடுக்கியால் எடுத்து, கொதிநீரோ மண்ணெண்ணெயோ உள்ள டப்பாவில் போட்டுக் கொல்லுங்கள். ஒன்றுகூடத் தரையில் விழக் கூடாது. பின்னர், பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்குத் தண்ணீரில் கரைத்துப் புண்ணைக் கழுவி, ஈ அண்டாத களிம்பையோ வேப்பெண்ணெயையோ தடவுங்கள். மறுநாளும் புண்ணைத் திறந்து பாருங்கள்.

மூலிகை முறையை விரும்புவோர் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்தோ, தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்தோ வைக்கலாம். புழு நீங்கிய பின் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலைகள் ஒவ்வொரு கைப்பிடியும், பூண்டு 10 பல்லும், மஞ்சள் தூள் 20 கிராமும் சேர்த்து அரைத்து, நல்லெண்ணெயில் காய்ச்சி ஆற வைத்துத் தடவிவரலாம். இவை கால்நடைகளுக்கு மட்டுமே.

ஆழமான புண்ணானால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். அவர் ஐவர்மெக்டின் ஊசி போட்டால், எத்தனை நாட்களுக்குப் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கன்று பிறந்ததும் தொப்புள் கொடியில் டிங்சர் அயோடின் தடவுங்கள். காயடித்தல், கொம்பு சுடுதல் ஆகியவற்றை ஈ மிகுந்த மழைக்காலத்தில் தவிர்த்திடுங்கள். உண்ணியை ஒழியுங்கள். கோமாரித் தடுப்பூசியைத் தவறாமல் போடுங்கள். தெருநாயின் புண்ணும் ஈயை வளர்க்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பிற நாடுகளில் நடந்தது

அமெரிக்கக் கண்டத்தில் இதற்குப் பங்காளியான வேறொரு ஈ உண்டு. 1858-ஆம் ஆண்டில் பிரெஞ்சு கயானாவிலுள்ள சிறைத்தீவில் கைதிகள் இதனால் இறந்ததைக் கண்ட கோக்கெரல் என்ற பிரெஞ்சு மருத்துவர், 'மனிதரைத் தின்பது' என்ற பொருளில் அதற்குப் பெயரிட்டார். நிப்லிங், புஷ்லாண்ட் என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் அதை ஒழிக்க வழி கண்டனர். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சினால் மலடாக்கி வெளியில் விட்டார்கள். பெண் ஈ பெரும்பாலும் ஒருமுறையே கூடுவதால், மலட்டு ஆணுடன் கூடியது இடும் முட்டைகள் பொரிப்பதில்லை. 1954-ஆம் ஆண்டில் குராசோ தீவில் இம்முறை முழு வெற்றி பெற்றது. 1988-ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவின் லிபியா நாட்டில் அந்த ஈ நுழைந்து ஆடுமாடுகளையும் மனிதரையும் தாக்கியபோது, மெக்சிகோவிலிருந்து நூறு கோடிக்கும் மேற்பட்ட மலட்டு ஈக்களை விமானத்தில் கொண்டுவந்து தூவி, 1992-ஆம் ஆண்டிற்குள் அதை ஒழித்தார்கள்.

ஆனால் காவல் தளர்ந்தால் பகை திரும்பும். 2023-ஆம் ஆண்டில் பனாமா நாட்டில் அந்த ஈ மீண்டும் பெருகி வடக்கு நோக்கிப் பரவியது. 2024 நவம்பரில் மெக்சிகோவில் மாட்டில் காணப்பட்டது. ஆடுமாடுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுசெல்லும்போது புண்ணைப் பார்க்காமல் விடுவது இந்த ஈ பரவ ஒரு வழியாகும். சந்தையிலிருந்து வாங்கிவரும் மாட்டைத் தொழுவத்தில் கட்டும் முன் உடல் முழுவதும் தடவிப் பார்ப்பது ஏன் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும்.

முடிவுரை

நம்மிடம் மலட்டு ஈ தயாரிக்கும் தொழிற்சாலை இல்லை. நம் கண்ணும் கையும்தான் இருக்கின்றன. இந்த ஈக்கு அவையே போதுமான எதிரி. நாள்தோறும் மாலையில் தொழுவத்தில் மாடுகளைக் கட்டும்போது ஒரு பார்வை. வீட்டுக்குள் வந்ததும் படுத்திருக்கும் பெரியவரின் காலையும் முதுகையும் ஒரு பார்வை. புண் இருந்தால் மூடுங்கள். முட்டை இருந்தால் துடையுங்கள். புழு இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். எடுத்த புழுவை மண்ணில் போடாமல் கொல்லுங்கள்.

இச்செய்தியைப் படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டாருக்கும் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.